பிள்ளையின் உடல் காத்திராது

"ஊருக்குப் போன பிறகு பார்ப்போம்" என்ற சொல்லை இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கிறோம். கிணறு இறைப்பது, வேலி அடைப்பது, மூத்த மகளின் கலியாணம் எல்லாமே இந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றுட் பல காத்திருக்கக் கூடியவைதான். பத்து வருடம் பற்றை மண்டிக் கிடந்த வயலையும் திருத்தி விதைக்கலாம். செலவு கூடும், அவ்வளவுதான். ஆனால் எட்டு மாதமாகியும் கழுத்து நிமிராத பிள்ளையையும், ஒரு கையை மாத்திரம் நீட்டுகிற பிள்ளையையும், இரண்டு வயதாகியும் எழுந்து நிற்காத பிள்ளையையும் இதே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவதை எம்மால் ஏற்றுக்கொள்ள முடியாதிருக்கிறது. மூளை மிக வேகமாக வளர்வதும், புதிய அசைவுகளை மிக இலகுவாகக் கற்பதும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான். அந்தக் காலம் கல்வீட்டில் கழிந்தாலும் தறப்பாள் கொட்டிலில் கழிந்தாலும் ஒரே வேகத்தில்தான் கழிகிறது.

நாம் வைத்தியர் அல்லர். இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் தாய்மாருக்குக் காட்டிக் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம். இன்ன நோய் என்று கண்டறிவது வைத்தியரின் பொறுப்பு. ஆனால் சிகிச்சையின் பெரும்பகுதி பாயிலும் முற்றத்திலும் அடுப்படியிலும் நடக்க வேண்டியது என்பதை அவர்களே சொல்கிறார்கள். அந்தப் பகுதியைப் பற்றியதே இந்தப் பாடம்.

அசைவு வளரும் ஒழுங்கு

பிள்ளையின் அசைவு மேலிருந்து கீழாக வளர்கிறது. முதலில் கழுத்து நிமிரும்; பிறகு தோள், முதுகு, இடுப்பு; கடைசியாகக் கால். கையிலும் அப்படித்தான். முதலில் தோளிலிருந்து முழுக் கையையும் வீசும். பிறகு உள்ளங்கையால் அள்ளும். ஒரு வயதை அண்டித்தான் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு சோற்றுப் பருக்கையைப் பொறுக்கும். ஆகவே கழுத்து நிமிராத பிள்ளையைப் பிடித்துக் காலில் நிறுத்திப் பழக்குவதில் பயனில்லை. அத்திவாரமில்லாமல் சுவர் எழுப்ப எவரும் முனைவதில்லையே.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006 இல் அதன் முடிவை வெளியிட்டது. பிடிக்காமல் தனியே இருப்பதற்கு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் 9 மாதத்துக்குள் பழகிவிட்டன. தனியே நடப்பதைச் சில பிள்ளைகள் 8 மாதத்திலேயே தொடங்கின. சில பிள்ளைகளுக்குப் பதினேழரை மாதம் சென்றது. இரண்டும் சுகமான பிள்ளைகளே. நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டன. எனவே பக்கத்துக் கொட்டில் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, எங்களுடையது நடக்கவில்லை என்று அழ வேண்டியதில்லை. மாதம் நிறையாமற் பிறந்த பிள்ளையென்றால், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

ஆனால் இந்த எல்லைகளைத் தாண்டிய பின்னும் பொறுத்திருப்பது பொறுமை அல்ல. 4 மாதத்திலும் கழுத்து நிற்கவில்லை, 9 மாதத்தில் தனியே இருக்கவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை என்றால் பிள்ளையை ஒரு வைத்தியர் பார்க்கத்தான் வேண்டும். இவற்றைவிட முன்பே தெரியும் அடையாளங்களும் உண்டு. தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னி விறைப்பது. உடல் துணிபோலத் துவள்வது. கைவிரல்கள் எப்போதும் பொத்தியபடியே இருப்பது. பாலோ கஞ்சியோ கொடுக்கும்போதெல்லாம் புரைக்கேறுவது. இன்னொன்றைப் பல பெற்றோர் பெருமையாகவே சொல்லுவார்கள்: "இவன் இப்பவே சோத்துக்கையன்" என்பார்கள், அல்லது "இடக்கையன்" என்பார்கள். ஒரு வயதுக்கு முன்னர் எந்தப் பிள்ளைக்கும் ஒரு கை முந்தக்கூடாது. ஒரு கையையே நீட்டுகிறதென்றால் மற்றக் கைக்கு ஏதோ இயலாமை இருக்கக்கூடும் என்று கருதிக் காட்டவேண்டும்.

முன்பு செய்துவந்ததைப் பிள்ளை செய்யாமல் விட்டாலும், ஓடித்திரிந்த பிள்ளைக்குத் திடீரெனக் கைகால் சோர்ந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பழைய பெயரும் புதிய காரணமும்

கால் சூம்பிய பிள்ளையைக் கண்டால் எமது முதியவர்கள் "இளம்பிள்ளை வாதம்" என்பார்கள். அவர்களுடைய காலத்தில் அது சரியான பெயராக இருந்தது. இலங்கையில் அந்த நோய் கடைசியாகக் கண்டறியப்பட்டது 1993 இல். 1995 இல் தொடங்கிய தேசிய சொட்டு மருந்து நாட்களுக்காகப் போர்முனைகளிலும் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2014 மார்ச்சில் இலங்கை உட்பட தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் அந்த நோய் அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

இன்று நாம் கிராமங்களில் காணும் பிள்ளைகள் பலருக்கு இருப்பது மூளை வாதம். வயிற்றிலோ பிறப்பின்போதோ பிறந்த சில காலத்திலோ மூளையின் ஒரு பகுதி பழுதுபட்டதால் அசைவு தடுமாறுவது அது. மாதம் நிறையாத பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சட் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. சில பிள்ளைகளில் காரணம் தெரிவதேயில்லை. தாய் கிரகணத்தில் வெளியே போனதோ, முற்பிறப்பு வினையோ, தகப்பன் நேர்த்தியை நிறைவேற்றாததோ காரணமல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமல்ல என்றே யேசு பதில் சொன்னார். கோயிலுக்கு வருகிறவர்களிடமே இந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது என்பது எமக்கு வருத்தம்.

மூளை வாதத்தைப் பற்றி விளங்கிக்கொள்ள வேண்டிய முக்கிய விடயம் ஒன்று. மூளையில் ஏற்பட்ட பழுது கூடுவதில்லை. அதை மாற்ற மருந்தும் இல்லை. ஆனால் பயன்படாத கை சுருங்கும், விறைத்த கால் குறுகும், இடுப்பு மூட்டு மெல்ல விலகும். பிள்ளை மூலையில் கிடந்து கழித்த வருடங்கள் செய்யும் வேலை இது. இதைத் தடுக்கலாம், குறைக்கலாம். சிகிச்சை என்பது அதற்காகத்தான்.

இரண்டு சிகிச்சைகள்

இயன்மருத்துவம் பெரிய அசைவுகளைக் கவனிக்கிறது: புரளுதல், இருத்தல், நிற்றல், நடத்தல். தொழில்வழிச் சிகிச்சை என்ற பெயரைக் கேட்டதும், பிள்ளைக்கு ஏன் தொழில் என்று கேட்கிறார்கள். தையலோ தச்சோ பழக்குவார்கள் என்று நினைக்கிறார்கள். பெயர்தான் அப்படி. பிள்ளையின் தொழில் உண்பது, உடுப்பது, குளிப்பது, விளையாடுவது. அதைப் பிள்ளை தானே செய்வதற்கு வழி தேடுவதே அந்தச் சிகிச்சையாளரின் வேலை. கரண்டி பிடிக்க முடியாவிட்டால் பிடியைத் தடிப்பாக்குவார். இருக்க முடியாவிட்டால் இருக்கையை மாற்றுவார்.

எண்ணெய் பூசி உருவுவது பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அம்மம்மா மடியில் வைத்து மெதுவாகத் தடவுவது நல்லது. பிள்ளைக்கு இதம், நித்திரை வரும், பாசம் வளரும். ஆனால் அதனால் பிள்ளை நடக்கப் பழகாது. விறைத்த காலைப் பலவந்தமாக இழுத்து நிமிர்த்தினால் விறைப்புக் கூடுமேயன்றிக் குறையாது. எலும்பு முறிந்துவிடவும் கூடும். முன்னைய காலத்தில் சிகிச்சை நிலையங்களிலும் பெரியவர்கள் பிள்ளையின் கைகாலை அசைத்துக் கொடுப்பதே பெரும்பகுதியாக இருந்தது. கடந்த இருபது முப்பது வருட ஆய்வுகளுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. பிள்ளை தானே விரும்பி, தானே முயன்று, ஒரு உண்மையான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை கற்கிறது. கோப்பையை எடுக்கப் பழக வேண்டுமென்றால் கோப்பையை எடுத்துத்தான் பழக வேண்டும். அந்தக் கோப்பையில் பிள்ளைக்கு விருப்பமான ஏதாவது இருப்பது இன்னும் நல்லது.

தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. நாற்றைப் பிடித்து இழுத்து எவரும் வளர்ப்பதில்லை.

நிலம் வேண்டும்

இடம்பெயர்ந்த வாழ்வு பிள்ளையிடமிருந்து முதலில் பறிப்பது நிலத்தை. பத்து அடிக் கொட்டிலுக்குள் அடுப்பு, பெட்டி, படுக்கை எல்லாம் கிடக்கின்றன. மாரியில் நிலம் ஈரம். பாம்பு, பூரான் பயம். தாய் பிறர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கக் கூலிக்குப் போகிறாள். ஆகவே பிள்ளை ஏணையில் கிடக்கிறது, அல்லது அப்பாச்சியின் இடுப்பிலே இருக்கிறது. பயத்தினாலும் பாசத்தினாலும் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சுகமான பிள்ளையும் இப்படி வளர்ந்தால் பிந்தும்.

இதற்கு ஒரு கீழ்மட்ட அளவு உண்டு. இன்னும் தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும் நேரத்தில், நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடமாவது குப்புறப் படுத்து விளையாட வேண்டும் என்றும், ஏணை, தள்ளுவண்டில் போன்றவற்றில் ஒரே முறையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அடைபட்டிருக்கக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வழிகாட்டியது. 30 நிமிடத்தை ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. ஐந்து ஐந்து நிமிடமாகச் செய்யலாம். நிலத்தில் இடமில்லையென்றால் தகப்பன் சாய்ந்து படுத்துத் தன் நெஞ்சின்மேல் குப்புற வைத்துக்கொண்டு கதைக்கட்டும். தகப்பனின் முகத்தைப் பார்ப்பதற்காகவே பிள்ளை கழுத்தை நிமிர்த்தும். நித்திரைக்கு மட்டும் எப்போதும் மல்லாந்து கிடத்த வேண்டும்.

கொட்டிலின் ஒரு பக்கத்தில் ஒரு பாய் அளவு இடத்தைப் பலகையாலோ மண்வரம்பாலோ உயர்த்தி, சாக்கு விரித்து, அதன்மேல் பாய் போட்டுப் பிள்ளைக்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள். அடுப்பு அதற்கு எட்டாத பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் ஒரு பொதுக் கொட்டிலைக் காலையில் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளுக்கு விடலாம். ஒரு பாட்டியும் இரண்டு குமர்ப்பிள்ளைகளும் போதும் பார்த்துக்கொள்ள.

சில்லுப் பூட்டிய வட்ட வண்டிக்குள் பிள்ளையை வைத்து ஓடவிடுவதைச் சிலர் நடை பழக்குவதாக நினைக்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் அனுப்புவதும் உண்டு. அது நடையைப் பழக்குவதில்லை, விழுத்திக் காயப்படுத்துகிறது. கனடா 2004 இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. பிள்ளை எழுந்து நின்று பிடித்துத் தள்ளும் எங்கள் மூன்று சில்லு மரநடைவண்டி வேறு, அது நல்லது.

வீட்டு வேலையே சிகிச்சை

கால் விறைத்துப் பின்னும் பிள்ளையைத் தோளில் குழந்தைபோலச் சாய்த்துத் தூக்கவேண்டாம். கால்கள் இரண்டும் அகன்றிருக்க இடுப்பில் வைத்துத் தூக்குங்கள். எங்கள் தாய்மாரின் பழைய வழக்கம்தான் அது. விறைப்பும் தளரும், இடுப்பு மூட்டுக்கும் நல்லது, பிள்ளை நிமிர்ந்து உலகத்தைப் பார்க்கும். ஒரே பக்கத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

மல்லாந்தே கிடக்கும் பிள்ளை பின்புறமாக விறைத்து வளையும். பகலில் ஒரு பக்கமாகச் சரித்து, முதுகுக்குச் சுருட்டிய சாரத்தை அணைகொடுத்து, இரு கைகளும் முகத்துக்கு முன்னே சேரும்படி கிடத்தினால், தன் கையைத் தானே காணும். ஒரு சிரட்டைக் கிலுக்கட்டியை எட்டும் தூரத்தில் தொங்கவிடுங்கள். கையில் கொடுத்துவிட வேண்டாம். எட்டட்டும்.

உணவு ஊட்டுவதில்தான் மிகுந்த கவனம் தேவை. படுக்க வைத்தோ தலையைப் பின்னுக்குச் சரித்தோ ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். மாதத்துக்கு ஒருமுறை சளியும் முட்டும் என்று வைத்தியசாலையில் வைத்திருக்கும் பிள்ளைகள் சிலருக்கு உண்மையான காரணம் இதுவே. நிமிர்த்தி இருத்தி, நாடி சற்றே நெஞ்சுப் பக்கம் தாழ்ந்திருக்க, முன்னால் இருந்து, சிறிய கரண்டியால், விழுங்கியதைப் பார்த்துப் பார்த்து ஊட்டுங்கள். நேரம் எடுக்கும். தாய்க்கு ஆறுதலாக வீட்டில் இன்னொருவரும் இதைப் பழகியிருக்க வேண்டும்.

வன்னியில் நாம் அறிந்த ஒரு கமக்காரர் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை வெட்டி, நன்றாகக் கழுவி, விளிம்பைச் சைக்கிள் ரியூப்பால் சுற்றி, மகளுக்கு ஒரு மூலை இருக்கை செய்தார். சாய்வு இரு பக்கமும் தோளை முன்னுக்குக் கொண்டுவந்தது. கால்களுக்கு நடுவே ஒரு மரக்கட்டை; கால் பின்னாமல் இருக்க. முன்னால் கவிழ்த்த பெட்டி மேசையானது. அந்தப் பிள்ளை இருந்து பார்த்த முதற் காட்சி, கோழிகள் நெல்லுப் பொறுக்குவது. அது சிரித்ததைத் தாய் மூன்று வீடுகளுக்குப் போய்ச் சொன்னார். அளவு பார்த்துத் திருத்திக் கொடுத்தவர் வைத்தியசாலைச் சிகிச்சையாளர்; செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பீப்பாய் கிடைக்காவிட்டால் மணலில் ஒரு குழி தோண்டிச் சுற்றிலும் மணல் நிரப்பிய சிறு சாக்குகளை அணைவைத்தாலும் கொஞ்ச நேரம் இருக்கலாம்.

நிற்கப் பழகும் பிள்ளைக்கு இரண்டு பூவரசங் கதியால்களைப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் சமாந்தரமாகக் கட்டிவிடுங்கள். பிடித்து நடக்கும். உயரத்தையும் அகலத்தையும் பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டே செய்யுங்கள்.

ஒரு கை இயலாத பிள்ளைக்கு இரு கையும் வேண்டிய வேலைகளைக் கொடுங்கள்: ரொட்டி மாப் பிசைவது, வெங்காயச் சருகு உரிப்பது, முருங்கையிலை உருவுவது, வாளியைத் தூக்கிக் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. நல்ல கை செய்யும்போது மற்றக் கை பிடித்தாலே போதும். சட்டை போடும்போது இயலாத கையை முதலில் நுழைக்க வேண்டும்; கழற்றும்போது கடைசியில். வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொக்கான் வெட்டும் பாண்டியும் கிளித்தட்டும் இருக்கின்றன. இவற்றுக்கு நிகரான பயிற்சிப் பொருளை எந்தக் கடையிலும் நாம் காணவில்லை. ஆனால் புளியங்கொட்டை, கச்சான் போன்றவற்றை 3 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் தனியே விடவேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

பிந்தினாலும் பிள்ளை செய்யட்டும் என்பதுதான் தாய்மாருக்கு மிகக் கடினமான பாடம். பஸ்சுக்கு நேரமாகிறது, இன்னொரு பிள்ளை அழுகிறது. தாயே ஊட்டி, தாயே உடுத்தி முடித்துவிடுகிறாள். எல்லா வேளையும் இயலாது. நாளுக்கு ஒரு வேளையை, ஒரு வேலையைத் தெரிவுசெய்யுங்கள். பின்னேரச் சாப்பாடு மட்டும் பிள்ளையின் கையால் என்று வையுங்கள்.

வைத்தியசாலைக்குப் போகும்போது

முதற் படி உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்வது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் பிள்ளை எப்போது என்ன செய்தது என்பதைக் குறித்து வையுங்கள். அவரூடாகச் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து பெரிய வைத்தியசாலையின் பிள்ளை வைத்திய நிபுணரிடமும் போகலாம். இயன்மருத்துவர் பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளிலேயே இருக்கிறார். தொழில்வழிச் சிகிச்சையாளர் இன்னும் குறைவு.

ஒரு நாட்கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி, அரை மணித்தியாலச் சிகிச்சைக்குப் போய்வருவது எவ்வளவு பாரம் என்பதை நாம் அறிவோம். மூன்று தடவை போனபின் "ஒரு மாற்றமும் இல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த அரை மணித்தியாலம் பிள்ளையைச் சுகப்படுத்துவதற்கல்ல, உங்களுக்குக் கற்பிப்பதற்கு. ஆகவே பார்த்துக்கொண்டு நில்லாமல், சிகிச்சையாளருக்கு முன்னாலேயே உங்கள் கையால் செய்துகாட்டித் திருத்தம் கேளுங்கள். பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் அம்மம்மா என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். "தானே கோப்பை பிடித்துக் குடிக்க வேண்டும், அதற்கு என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். இடுப்பு மூட்டை எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். மூட்டு விலகுவது தொடக்கத்தில் நோவில்லாமலே நடக்கும். வலிப்பு, பார்வை, கேள்வி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போக்குவரத்துக்கு வழியில்லாதவர்கள் மாதர் சங்கத்திலோ பங்கிலோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யேசுவிடம் ஒரு முடக்குவாதக்காரனைக் கொண்டுவர நான்கு பேர் கூரையையே பிரித்தார்கள் என்று வாசிக்கிறோம். நமது கிராமத்தில் ஒரு ஓட்டோவுக்கு நான்கு பேர் பங்குபோட முடியாதா? விருந்தாளி வந்தால் பிள்ளையை உள்ளே மறைக்கும் வீடுகளில் இந்த உதவி போய்ச் சேருவதில்லை. மூத்த மகளுக்குச் சம்பந்தம் தவறிப்போகும் என்ற பயத்தை நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் மறைக்கப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, விளையாட்டுத் தோழரும் இல்லை, கொடுப்பனவுப் பதிவும் இல்லை.

இன்னொரு தடவை இடம்மாற நேர்ந்தால் பிறப்புச் சான்றிதழோடு பிள்ளையின் பதிவேட்டையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி எடுங்கள். சிகிச்சையாளர் காட்டிய பயிற்சிகளை மூத்த பிள்ளையைக் கொண்டு ஒரு தாளில் படமாக வரைந்து அதனுள் வைத்துவிடுங்கள். புதிய இடத்தில் நிவாரணப் பதிவுக்குப் போகும் அதே கிழமையில் அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவையும் தேடிப் போங்கள். பீப்பாய் இருக்கையைச் சுமக்க முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம். அதன் உயரம், அகலம், நடுக்கட்டையின் அளவு மூன்றையும் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக்கொண்டால் போகுமிடத்தில் இன்னொன்று செய்துகொள்ளலாம்.